பனிப்பூண்டு: ஒரு கடலோரச் செடியின் உப்பும் அதன் சமூக வரலாறும்

தாவரவியல் நூல்களிலே 'இயல்பாக்கம் பெற்ற செடி' என்றொரு வழக்கு உண்டு. ஒரு நாட்டிற்கு உரியதல்லாத செடியொன்று மனிதரின் செயலால் அந்நாட்டை அடைந்து, பின்னர் எவருடைய பராமரிப்புமின்றித் தானாகவே முளைத்துப் பரவி நிலைத்துவிடுமாயின் அதனை அவ்வாறு குறிப்பர். தாவரப் பட்டியலொன்றிற் செடியின் பெயருக்கு எதிரே இடப்படும் இச்சிறு குறிப்பு பயனுள்ளதே. ஆயினும், அச்செடி எவருடைய தேவைக்காகப் பயிரிடப்பட்டது, அது வேரூன்றுவதற்கு அந்நிலம் எவ்வாறு ஆயத்தமாக்கப்பட்டது என்னும் வினாக்களை அக்குறிப்பு எழுப்புவதில்லை. தாவரவியலாளர் அவ்வினாக்களை வரலாற்றாசிரியரிடம் விட்டுவிடுகின்றனர். வரலாற்றாசிரியரோ செடிகளைப் பொருட்படுத்துவதில்லை. இவ்விரு துறைகளுக்கும் இடையே கைவிடப்பட்டுக் கிடக்கும் சிறு செடியொன்றினை இக்கட்டுரையில் எடுத்து நோக்குவோம்.

மெசெம்பிரியந்திமம் கிறிஸ்ரலினம் என்பது அதன் தாவரவியற் பெயர். 1753 ஆம் ஆண்டில் லின்னேயசு இட்ட பெயர் இது. ஆங்கிலேயர் இதனை 'ஐஸ் பிளான்ற்' என்பர். நாம் பனிப்பூண்டு என வழங்குவோம். சாதியின் பெயருக்குச் சுவையான வரலாறொன்று உண்டு. 1684 இல் யாக்கோப் பிறெயின் என்பார் 'நண்பகற் பூ' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இச்சாதிக்குப் பெயரிட்டார். பின்னர் இச்சாதியைச் சேர்ந்த சில செடிகள் இரவிலே மலர்வது தெரியவரவே, 1719 இல் டிலேனியசு என்னும் அறிஞர் ஓரெழுத்தை மாற்றி, சொல்லின் பொருளையே வேறாக்கிவிட்டார். உண்மை மாறியபோது பெயரைக் கைவிடாது அதன் பொருளை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அறிவுலகிற் புதிதன்று.

பனிப்பூண்டு தரையோடு படரும் ஓராண்டுப் பூண்டு. இலைகள் தடித்துச் சதைப்பற்றுடன், விளிம்பு நெளிந்து காணப்படும். பூக்கள் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ, நூல்போன்ற பல இதழ்களுடன் தோன்றும். இவற்றையெல்லாம் விட முதற்பார்வையிலேயே கண்ணைக் கவர்வன, தண்டும் இலையும் மொட்டும் எங்கணும் நிறைந்துள்ள நீர்க்கொப்புளங்களே. வெயிலில் அவை உறைபனித் துளிகளைப்போல மினுங்கும். செடிக்குப் பெயர் தந்தவை இவையே. மாரி மழையுடன் முளைத்து, வேனிலில் மலர்ந்து, கோடை முதிருங்கால் சிவந்து உலர்ந்து மடிவது இதன் வாழ்க்கை வட்டம். இதற்கு மிக நெருங்கிய உறவுடைய மற்றோர் இனம் மெசெம்பிரியந்திமம் நொடிபுளோறம் என்பது. அது இன்னும் சிறியது. அதன் இலைகள் ஒடுங்கி உருளை வடிவினவாய் இருக்கும். இவ்விரண்டும் ஒரே கரையில் அருகருகே வளர்வதைப் பல நாடுகளிற் காணலாம்.

தென்னாபிரிக்காவின் மேற்குப் பகுதியும் நமீபியாவும் பனிப்பூண்டின் தாயகம். இன்று மத்தியதரைக் கடற்கரை, கனேரித் தீவுகள், கலிபோணியா, மெக்சிக்கோவின் பாகா கலிபோணியா, சிலி, தென் அவுஸ்திரேலியா ஆகிய இடங்களிலே கடலோரப் பாறைகளிலும் உவர்நிலங்களிலும் கைவிடப்பட்ட வயல்களிலும் இது நிலைகொண்டுள்ளது. நமது வாசகருக்கு இச்செடி அந்நியமானதாயினும் இதன் குடும்பம் அந்நியமானதன்று. நமது தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் மழைக்குப்பின் படரும் சாறணை இதே ஐசோவேசியேக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் சதைப்பற்றுடைய ஓராண்டுப் பூண்டே. தோட்டக்காரர் சாறணையைக் களையெனப் பிடுங்குகின்றனர். அடுப்படியில் அதுவே கீரையாகின்றது. ஒரு செடி களையா பயிரா என்பது செடியினால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

பனிப்பூண்டின் வரலாறு முழுவதற்கும் அடிப்படையாக உள்ள இயல்பு ஒன்றே. அது சோடியத்தைச் சேமிக்கின்றது. பெரும்பாலான பயிர்களுக்குச் சோடியம் நஞ்சு. அது கலத்தின் முதலுருவிலே மிகுந்தால் நொதியங்கள் தொழிற்படா. மண்ணிலே மிகுந்தால் வேர் நீரை உறிஞ்சமாட்டாது. உவர்நிலத்தில் நெல் கருகுவதைக் கண்ட எவருக்கும் இது விளக்கப்பட வேண்டியதன்று. பனிப்பூண்டோ உப்பை விலக்கி வாழாது, அதனை உள்ளெடுத்து ஒதுக்கி வைத்து வாழ்கின்றது. வேரினால் உறிஞ்சப்படும் உப்பு கலங்களின் புன்வெற்றிடங்களிலே அடைக்கப்படுகின்றது. செடி முதிர முதிர அதன் பெரும்பங்கு மேற்றோலின் கொப்புளக் கலங்களைச் சென்றடைகின்றது. எனவே, பனித்துளியென நமக்குத் தோன்றுவது உண்மையில் உப்புநீர்க் களஞ்சியமே. இக்கொப்புளங்கள் அற்ற திரிபுச் செடியொன்றைக் கொண்டு நடத்தப்பட்டு 2007 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, கொப்புளமில்லாச் செடி உப்பைத் தாங்கும் வலுவில் மிகவும் குன்றிவிடுவதைக் காட்டிற்று. கடல்நீரின் உவர்ப்பை ஒத்த கரைசலிலும் பனிப்பூண்டு வளர்ந்து வித்தீனக் கூடியது.

இதனோடு தொடர்புடைய மற்றோர் ஆற்றலும் உண்டு. செடிகள் பொதுவாகப் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளெடுக்கும். அவ்வேளையிற் பெருமளவு நீரையும் ஆவியாக இழக்கும். வறணிலச் செடிகள் சிலவோ இரவிலே இலைவாய் திறந்து, காபனீரொட்சைட்டை மாலிக்கமிலமாக்கிப் புன்வெற்றிடத்திற் சேர்த்துவைத்து, பகலில் இலைவாயை மூடிக்கொண்டு அவ்வமிலத்திலிருந்து காபனீரொட்சைட்டை மீளப் பெற்று ஒளித்தொகுப்பை நடத்தும். இத்தகைய இலை காலையிற் புளிக்கும், மாலையிற் புளிக்காது. சென்னை மாகாணத்திலே கிழக்கிந்தியக் கம்பெனியின் சேவையிலிருந்த பென்சமின் ஹெயின், நாம் ரணகள்ளி என்று அழைக்கும் செடியின் இலையை மென்று பார்த்து இதனைக் கண்டறிந்தார். 1815 இல் வெளியான அவரது குறிப்பு இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆயின் ரணகள்ளி இயல்பாகவே அவ்வழியை மேற்கொள்ளும் செடி. பனிப்பூண்டின் சிறப்பு யாதெனில், இளமையில் அது ஏனைய செடிகளைப்போலப் பகல்வழி ஒளித்தொகுப்பையே நடத்துகின்றது. மண்ணில் உப்பு ஏறும்போதோ நீர் குன்றும்போதோ இரவு வழிக்கு மாறிவிடுகின்றது. உப்பூட்டுவதனாலேயே இம்மாற்றத்தைத் தூண்டலாமென்பதை 1972 இல் கிளவுஸ் வின்ரர், வொன் வில்லேற் ஆகிய இரு ஜெர்மானிய ஆய்வாளர் காட்டினர். ஆய்வுகூடத்தில் மட்டுமன்றி மத்தியதரைக் கடலோரப் பாறைகளில் தானாக வளரும் செடிகளிலும், மாரி கழிந்து கோடை நெருங்குகையில் இம்மாற்றம் நிகழ்வது 1978 இல் வெளியான களஆய்வினால் உறுதியாயிற்று. அன்றுதொட்டு உலகின் பல ஆய்வுகூடங்களில் பனிப்பூண்டு ஒரு மாதிரிச் செடியாக வளர்க்கப்பட்டு வருகின்றது.

உடற்றொழிலியலாளர் இவ்விடத்தில் நிறுத்திக்கொள்வர். நாம் இவ்வுப்பு மனித வாழ்வினுட் புகுந்த வழியைத் தொடர்தல் வேண்டும்.

செடியைச் சுட்டுச் சாம்பலாக்கினால் அதன் உலோகங்கள் சாம்பலில் எஞ்சும். உள்நாட்டு மரங்களின் சாம்பலிற் பொற்றாசியம் மிகும். உவர்நிலச் செடிகளின் சாம்பலிற் சோடியம் மிகும். செடியினுட் சோடியத்தின் ஒரு பகுதி குளோரைட்டாகவே இருப்பினும், மற்றொரு பகுதி சேதன அமிலங்களின் உப்பாக இருக்கின்றது. எரியுங்கால் இவ்வமிலங்கள் சிதைந்து காபனேற்றைத் தருகின்றன. இவ்வாறு பெறப்படும் சோடியங் காபனேற்றே சோடாக்காரம். கடினமான சவர்க்காரம் செய்வதற்கும் கண்ணாடி உருக்குவதற்கும் இது இன்றியமையாதது. பொற்றாசியச் சாம்பலாற் பெறப்படுவது இளகிய சவர்க்காரமே. ஐரோப்பிய மொழிகளிற் காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்னும் சொல்லே சாம்பலைக் குறிக்கும் அராபியச் சொல்லினின்று பிறந்தது. நமது சவர்க்காரத்தின் பெயரிலும் காரம் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சவர்க்கார, கண்ணாடி, நெசவுத் தொழில்கள் வளர வளரச் சோடாக்காரத்தின் தேவை பெருகிற்று. ஸ்பெயினின் அலிக்காந்தேப் பகுதிக் கரையோரங்கள் இதற்குப் புகழ்பெற்றிருந்தன. 'பரிய்யா' எனப்பட்ட அச்சாம்பல் அங்கு வேறு உவர்நிலச் செடிகளிலிருந்து பெறப்பட்டது. அந்நூற்றாண்டிலேயே அவ்வணிகம் கனேரித் தீவுகளையும், சிறப்பாக லன்சரோட்டே, புவேர்த்தவெந்துரா என்னும் இரு கீழைத் தீவுகளையும் ஈர்த்துக்கொண்டது. அங்கே பரிய்யாவாகப் பயிரிடப்பட்டது பனிப்பூண்டே.

லன்சரோட்டே ஆண்டுக்கு ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் மழையே பெறும் தீவு. 1730 முதல் 1736 வரை தொடர்ந்த எரிமலைக் குமுறல் அதன் செழிப்பான நிலங்களிற் பெரும்பகுதியை எரிகற்குழம்பினாலும் சாம்பலினாலும் மூடிவிட்டது. தானியம் விளையாத உவர்த்தரையிலே, நீர் பாய்ச்சாமலே, உப்பை உண்டு வளரும் செடியொன்று கைக்கெட்டியமை அத்தீவினர்க்குப் பெரும் பேறாகத் தோன்றியதில் வியப்பில்லை. கோடையிற் செடிகளைப் பிடுங்கி உலர்த்திக் குழிகளில் இட்டு எரிப்பர். வெம்மையாற் சாம்பல் உருகி ஒன்றுதிரண்டு கல்லைப்போல் இறுகும். அக்கற்பாளத்தை உடைத்து ஒட்டகத்திலேற்றித் துறைக்கு அனுப்புவர். அரெசிவே என்னும் சிறு துறை இவ்வணிகத்தினாலேயே நகராக வளர்ந்தது; பிரித்தானியக் கப்பல்கள் அங்கு வந்து சென்றன. புவேர்த்தவெந்துராவில் லா ஒலீவா என்னும் ஊரிலே இன்றும் நிற்கும் கர்னல்களின் மாளிகை, அக்காலத்துத் தானிய, பரிய்யா வணிகத்தின் செல்வம் எங்கே தேங்கிற்று என்பதற்குச் சான்றாகும். குழியின் புகையிலே நின்றவர்கள் கட்டிய மாளிகை எதனையும் நாம் அறியோம்.

ஆயினும் இவ்வளத்தின் ஆயுள் அத்தீவினரின் உழைப்பிலோ பனிப்பூண்டின் இயல்பிலோ தங்கியிருக்கவில்லை. கடலுப்பிலிருந்தே சோடாக்காரம் செய்யும் வழியைக் கண்டுபிடிப்போர்க்கு 1775 இல் பிரெஞ்சு அறிவியற் கழகம் பரிசொன்றை அறிவித்தது. நிக்கொலா லெபிளாங் என்னும் மருத்துவர் அவ்வழியைக் கண்டு 1791 இல் காப்புரிமம் பெற்றார். உப்பைக் கந்தகவமிலத்துடன் சேர்த்துச் சோடியஞ் சல்பேற்றாக்கி, அதனைச் சுண்ணக்கல்லுடனும் நிலக்கரியுடனும் சூடாக்குவதே அம்முறை. லெபிளாங்கிற்குப் பரிசுப்பணம் கிடைக்கவில்லை. புரட்சிக் காலத்தில் அவரது தொழிற்சாலை பறிமுதலாயிற்று. 1806 இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். முறை மட்டும் வாழ்ந்தது. நெப்போலியப் போர்க்காலத்திற் பரிய்யாவின் விலை உயர்ந்திருந்தமையால் கனேரித் தீவினர் வரவிருந்ததை உணர வாய்ப்பிருக்கவில்லை. 1823 இல் ஜேம்ஸ் மஸ்பிரற் லிவர்பூலிலே லெபிளாங் முறையிற் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கினார். 1825 இல் பிரித்தானியாவின் உப்புவரி முற்றாக நீக்கப்பட்டது. மூலப்பொருள் மலிந்ததும் சாம்பற் கற்களை எவரும் நாடவில்லை. (தன் நாட்டுக் கைத்தொழிலதிபர்க்காக உப்புவரியை நீக்கிய அதே ஆட்சி, இலங்கையிலும் இந்தியாவிலும் உப்பைத் தன் தனியுரிமையாகவே வைத்திருந்தமை ஈண்டு மனங்கொளத்தக்கது.) புதிய தொழிற்சாலைகள் வெளியிட்ட ஐதரோக்குளோரிக்கமில ஆவி அயற்கிராமங்களின் மரங்களைக் கருக்கியமையால் 1863 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உவர்ச்செடியின் இடத்தை அமிலப்புகை பிடித்துக்கொண்டது எனலாம்.

லன்சரோட்டேயினர் அடுத்துத் தஞ்சமடைந்தது கள்ளிச் செடியில் வளரும் கொச்சினீற் பூச்சியிடத்தில். அதிலிருந்து பெறப்படும் செஞ்சாயம் சில பத்தாண்டுகள் அவர்களை வாழவைத்தது. 1856 இன் பின்னர் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றவே அதுவும் சரிந்தது. ஒரே மக்கள், ஒரே நூற்றாண்டில், இருமுறை, தாம் கண்டிராத ஆய்வுகூடங்களினால் வாழ்விழந்தனர்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோர மணற்றரையில் வளரும் சாயவேர் என்னும் சிறு பூண்டின் வேரிலிருந்து பெறப்பட்ட சிவப்பு, துணிக்குச் சாயமூட்டப் பயன்பட்டது. ஒல்லாந்தர் அதனைத் தோண்டுவதையும் விற்பதையும் தம் தனியுரிமையாக்கி வருவாய் ஈட்டினர். அவ்வேரின் சாயப்பொருள் அலிசரின். அப்பொருளே 1869 இல் ஐரோப்பிய ஆய்வுகூடங்களிற் செயற்கையாக ஆக்கப்பட்டது. சாயவேர் இன்று நம்மவருட் பெரும்பாலோர்க்குப் பெயரளவிலேனும் தெரியாது. கரையோரச் சிறு பூண்டுகளைச் சந்தைக்கு இழுத்து வந்ததும் சந்தையினின்று தள்ளிவிட்டதும் ஒரே விசை என்பதை இவ்விரு செடிகளும் ஒருங்கே காட்டுகின்றன. விஞ்ஞான வளர்ச்சியைக் குறைகூறுவது நமது நோக்கமன்று; லெபிளாங் முறை வந்திராவிடிற் சவர்க்காரம் எளியோரின் பொருளாகியிராது. அதன் பயனை ஒரு கரையார் பெற, அதன் விலையை மற்றொரு கரையார் செலுத்தினர் என்பதே நாம் கூறுவது.

பரிய்யாவின் கதையில் ஏற்றுமதிப் பேரேடுகளில் இடம்பெறாத கிளையொன்றும் உண்டு. சிறிய இனமாகிய நொடிபுளோறத்தைக் கனேரியர் 'கொஸ்கோ' என்பர். மழை பொய்த்துத் தானியம் விளையாத ஆண்டுகளில், லன்சரோட்டேயிலும் புவேர்த்தவெந்துராவிலும் ஏழை மக்கள் இதன் வித்துகளை வறுத்து அரைத்து மாவாக்கி உண்டனர். அத்தீவுகளில் வறுத்த தானிய மாவு 'கோபியோ' எனப்படும். நமது வறுத்த மாவை ஒத்த அன்றாட உணவு அது. கொஸ்கோவின் வித்து மிக நுண்ணியது. அதனைக் காயிலிருந்து பிரித்தெடுப்பது கடினம். இக்குடும்பத்துச் செடிகளின் காய் உலர்ந்திருக்கும்போது இறுக மூடியிருக்கும், நனைந்தாற்றான் திறக்கும். அம்மக்கள் உலர்ந்த காய்களை நீரில் ஊறவைத்து, காய் விரிந்து வித்து அடியிற் படிய, அதனைச் சேர்த்து உலர்த்தி வறுத்தனர். தாவரவியலாளர் 'நனைந்து வெடித்தல்' எனப் பெயரிட்டு ஆராயும் இயல்பைப் பசி முன்னரே அறிந்திருந்தது.

இனிப் பசிபிக் கரைக்குச் செல்வோம். கலிபோணியாவிலே பனிப்பூண்டு பயிராக அன்றிக் களையாகவே அறியப்படுகின்றது. கடலோரப் புற்றரைகளில் அது புகுந்தால் சில ஆண்டுகளிற் புல் மறைந்து பூண்டே நிலத்தை மூடிவிடுவதை அங்குள்ளோர் கண்டனர். அதன் காரணத்தை நான்சி விவ்ரெற், கோர்னீலியஸ் முல்லர் ஆகியோர் 1977 இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கிற்று. செடிகள் நச்சுப்பொருளைச் சுரந்து அயற்செடிகளை அடக்குகின்றன என்னும் கொள்கையினாற் புகழ்பெற்றவர் முல்லர்; ஆயின் இங்கு அவர்கள் கண்டது சிறப்பான நஞ்சு எதனையுமன்று, வெறும் உப்பையே. பனிப்பூண்டு தன் வாழ்நாள் முழுவதும் மண்ணிலிருந்து உப்பை உறிஞ்சித் தன்னுட் சேர்க்கின்றது. மடிந்து உலர்ந்தபின் மூடுபனியும் முதல் மழையும் அவ்வுப்பைக் கழுவி மேல்மண்ணிலே சேர்க்கின்றன. புல்வித்துகள் முளைக்க வேண்டிய வேளையும் அதுவே, இடமும் அதுவே. உவர்ந்த மண்ணீரை அவற்றால் உறிஞ்ச இயலாது. பனிப்பூண்டின் நாற்றுகளோ அதனைத் தாங்கும். ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைகளுக்கு மட்டும் உகந்ததாக நிலத்தை விட்டுச்செல்கின்றது. 1983 இல் குளூற் என்பார் தென் அவுஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களின் சீர்கேட்டில் இச்செடிக்குள்ள பங்கினை ஆராய்ந்து வெளியிட்டார்.

இவ்விடத்தில் நாம் சற்றுத் தரித்தல் வேண்டும். லன்சரோட்டேயிற் செல்வம் தந்ததும் கலிபோணியாவிற் புல்லைக் கொன்றதும் ஒரே உப்பே. வேறுபாடு எங்குள்ளது? பயிராகக் கொள்ளப்பட்ட செடி கோடையில் வேரோடு பிடுங்கப்பட்டது; அது சேமித்த சோடியம் நிலத்தை விட்டு நீங்கிக் கப்பலேறிற்று. கலிபோணியாவில் அறுவடை செய்வார் இல்லை. செடி நின்ற இடத்திலேயே மடிகின்றது. வேர் எட்டிய ஆழத்திலிருந்து திரட்டப்பட்ட உப்பு மேற்பரப்புக்கு ஏறுகின்றது. ஆக, மண்ணின் உவர்ப்பைக் குறைப்பதும் கூட்டுவதும் அச்செடியின் தனிப்பண்பாகா. அச்செடிக்கும் மனித உழைப்புக்குமிடையிலான உறவு எவ்வாறு அமைகின்றது என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது.

'படையெடுப்பு' என்னும் சொல் சூழலியல் நூல்களில் மலிந்துள்ளது. அச்சொல் வசதியானது; ஆயின் குற்றத்தைச் செடியின்மேல் ஏற்றிவிடுகின்றது. கலிபோணியக் கரைக்கப்பாலுள்ள சாந்தா பார்பரா தீவை நோக்குக. ஏறத்தாழ 2.6 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய இச்சிறு தீவின் பெரும்பகுதியைப் பனிப்பூண்டு பற்றிக்கொண்டது. அதற்கு இடந்தந்தவை யாவை? செம்மறிகள் தாவரங்களை மேய்ந்தன; இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்கைச் செடிகொடிகள் தீயிடப்பட்டு நிலம் உழப்பட்டது; இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையினர் கொண்டுவந்த முயல்கள் எஞ்சியவற்றைத் தின்றன. 1938 இலேயே தீவு தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டும் முயல்கள் முற்றாக அகற்றப்பட்டது 1981 இல்தான். அத்தீவுக்கே உரிய டட்லேயா திறாஸ்கியே என்னும் சதைப்பற்றுச் செடி அழிந்ததென 1970 அளவிற் கருதப்பட்டு, 1975 இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அத்தீவுக்கே உரிய பாடும் சிட்டுக்குருவி வகையோ 1959 இல் ஏற்பட்ட பெருந்தீயின் பின் மறைந்தொழிந்தது. மேய்ச்சலும் ஏரும் தீயும் முயலும் திறந்துவிட்ட வாயிலினூடாகவே பனிப்பூண்டு பரவிற்று.

இதனாற் செடி குற்றமற்றது, அதனை அவ்வாறே விட்டுவிடலாம் என்று வாதிப்பாரும் உளர். அதுவும் நமக்கு உடன்பாடன்று. முயல்கள் அகன்ற பின்னும் புல்லும் புதரும் தாமாக மீளவில்லை. உப்பேறிய மண் அவற்றைத் தடுக்கின்றது. காரணம் நீங்கியபின்னும் விளைவு தன்னைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் நிலை இது. வரலாற்றிலே இதனை நாம் பிற துறைகளிலும் கண்டுள்ளோம். ஆகவேதான் 2007 முதல் அத்தீவிலேயே நாற்றுமேடை அமைத்து, உள்ளூர்ச் செடிகளை வளர்த்துக் கையால் நட்டு, கடற்பறவைகளின் கூடுகட்டும் புதர்களை மீட்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. மிகுந்த உழைப்பை வேண்டும் பணி அது. நன்னீர் அற்ற தீவிலே ஒவ்வொரு நாற்றுக்கும் நீர் கொண்டுசெல்ல வேண்டும்.

அண்மைக் காலத்திற் பனிப்பூண்டு மீண்டும் சந்தைக்குள் வந்துள்ளது. ஜப்பானின் சாகாப் பல்கலைக்கழகத்தில், கடலிலிருந்து மீட்கப்பட்ட நிலங்களின் உவர்ப்பைக் குறைக்க இச்செடி உதவுமா என ஆராயத் தொடங்கியோர், 2000களில் அதனைக் காய்கறியாகவே வளர்த்து விற்பனைக்கு விட்டனர். சுவாகிலி மொழியிற் பனிக்கட்டியைக் குறிக்கும் 'பராபு' என்னும் சொல் அதற்கு வணிகப் பெயராயிற்று. ஆபிரிக்கச் செடிக்கு ஆபிரிக்கப் பெயரே சூட்டப்பட்டதாயினும், செடியின் தாயகத்திலிருந்து அம்மொழி வழங்கும் கிழக்குக் கரை வெகு தொலைவிலுள்ளது. மெல்ல உப்புக்கரிக்கும் அவ்விலை இன்று பச்சையாகவே உண்ணப்படும் விலையுயர்ந்த கீரை. அதில் உள்ள பினிற்றோல் என்னும் பொருள் மருத்துவ ஆய்வாளரின் கவனத்தையும் பெற்றுள்ளது. பஞ்ச காலத்தில் நொடிபுளோறத்தின் மாவைத் தின்றவர்கள் கண்ட சுவை வேறாக இருந்திருக்கும்.

உவர்நிலம் பெருகிவரும் காலம் இது. நீர்ப்பாசனத்தின் தவறான முகாமையாலும், நிலத்தடி நன்னீரை மிகையாக இறைப்பதனாற் கடல்நீர் உட்புகுவதாலும் பல நாடுகளில் வயல்கள் உவராகின்றன. யாழ்ப்பாணத்துக் கிணறுகளை அறிந்தோர்க்கு இது புத்தகச் செய்தியன்று. உப்பை உறிஞ்சும் செடிகளைப் பயிரிட்டு நிலத்தை மீட்கலாமெனும் ஆலோசனை அடிக்கடி முன்வைக்கப்படுகின்றது. பனிப்பூண்டின் வரலாற்றை அறிந்தபின் அவ்வாலோசனையை முன்வைப்போரிடம் நாம் கேட்கவேண்டிய வினா எளியது: அறுவடை செய்து அகற்றுவது யார், அகற்றியதை வாங்குவது யார், வாங்குவோர் ஒருநாள் வாங்காது விட்டால் நிலத்தில் நிற்கப்போவது எது? பரிய்யாவின் விலை சரிந்தபோது லன்சரோட்டேயில் வயலை விட்டு மக்கள் நீங்கினர், செடி நீங்கவில்லை.

அது இலகுவில் நீங்கவும் மாட்டாது. நெகேவ் பாலைநிலத்தில் இற்ஸ்ஹாக் குற்றர்மன் சிறிய இனமாகிய நொடிபுளோறத்தின் காய்களைப் பல ஆண்டுகள் சேமித்துவைத்து ஆராய்ந்தார். ஒரே காயினுள் நுனியிலுள்ள வித்துகள் மழைநீர் பட்டதும் முதலில் வெளிப்பட்டு விரைந்து முளைக்கின்றன. அடியிலுள்ளவை பின்னரே வெளிப்படுகின்றன, அவற்றுட் பெரும்பாலானவை முளைக்காது காத்திருக்கின்றன. இவ்வேறுபாடு பத்தாண்டுகள் கழிந்தும் மறையவில்லை. இன்று லன்சரோட்டேயில் மாரி மழை தாராளமாகப் பெய்யும் ஆண்டுகளில், கைவிடப்பட்ட வயல்களின் கல்வரம்புகளுக்குள் பனிப்பூண்டும் கொஸ்கோவும் விதைப்பாரின்றி முளைத்து, கோடையிற் செம்பட்டாக நிலத்தை மூடுகின்றன.